இஎக்ஸ்5 மோட்டாருக்கு எவ்வளவு அமுக்கம் வேண்டும்?

தம்பி தங்கைகளே, கிள்ளானில் இருந்தாலும் சரி, பிரிக்பீல்ட்ஸில் இருந்தாலும் சரி, காலையில் வாசலுக்கு வந்தால் முதலில் காதில் விழுவது ஏதோ ஒரு கப்சாய் மோட்டாரின் சத்தம்தான். நம் ஊரில் கப்சாய் என்றதும் நினைவுக்கு வருவது ஹோண்டா இஎக்ஸ்5. ஜப்பானில் 1958இல் பிறந்த சூப்பர் கப் மோட்டாரின் வழி வந்தது. அந்தக் குடும்பத்தின் உற்பத்தி 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது.

தாத்தா ஓட்டி, அப்பா ஓட்டி, இப்போது அண்ணன் கைக்கு வந்த பழைய இஎக்ஸ்5 பல வீடுகளில் உண்டு. எஞ்சின் புகை தள்ள ஆரம்பித்திருக்கும். பிரித்து மாற்றிக் கட்டியாக வேண்டும். பட்டறைக்குப் போனால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

“அண்ணே, பெரிய பிஸ்டன் போட்டுடலாம். அப்படியே ஹெட்டையும் ஒரு மில்லி சீவிடுங்க. கம்பிரஷன் ஏறும், மோட்டார் பறக்கும்.”

“எந்த எண்ணெய் போடுவ தம்பி?”

“ரோன் 95தான். அதுதானே மலிவு.”

“அப்போ ஒரு மில்லி வேணாம். உட்காரு, கணக்குப் போடுவோம்.”

அந்தக் கணக்கைத்தான் நாமும் இன்று போடப் போகிறோம். பள்ளிக் கணிதம் தெரிந்தால் போதும்.

எஞ்சினுக்குள் இருக்கும் உருளை வடிவக் குழாய்தான் சிலிண்டர். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. பிஸ்டன் அடிமட்டத்தில் நிற்கும்போது அதற்கு மேலே உள்ள இடம் முழுவதும் காற்றும் பெட்ரோல் ஆவியும் நிறைந்திருக்கும். பிஸ்டன் உச்சிக்கு ஏறியதும் அத்தனையும் சிலிண்டருக்கு மூடியாக இருக்கும் ஹெட்டில் உள்ள சிறு குழிக்குள் நெருக்கப்படும். அடியில் இருந்தபோது இருந்த இடத்தை உச்சியில் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் கிடைப்பதே அமுக்க விகிதம். பட்டறையில் கம்பிரஷன் ரேஷியோ என்பார்கள்.

பழைய இஎக்ஸ்5 எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 49.5 மில்லிமீட்டர். உருளையின் கன அளவைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தில் இவற்றைப் போட்டால் 97.2 கன சென்டிமீட்டர், அதாவது 97.2 சிசி வரும். ஹோண்டா இதற்குக் கொடுத்த அமுக்க விகிதம் 8.8. அப்படியானால் உச்சியில் மிஞ்சும் குழி எவ்வளவு? அடியில் உள்ள மொத்த இடத்தில் அந்தக் குழியும் சேர்ந்திருப்பதால் 8.8இல் ஒன்றைக் கழித்துவிட்டு, 97.2ஐ 7.8ஆல் வகுங்கள். ஏறக்குறைய 12.5 சிசி. இரண்டரைத் தேக்கரண்டித் தண்ணீர் பிடிக்கும் இடம், அவ்வளவுதான்! இந்தக் குட்டிக் குழிக்குள்தான் ஒவ்வொரு முறையும் நெருப்பு பற்றுகிறது.

சும்மா பற்றவைத்தால் போதாதா, எதற்கு அமுக்க வேண்டும்? மிக நல்ல கேள்வி. தீப்பெட்டி வருவதற்கு முன்பே இந்த மலாய்த் தீபகற்பத்தில் ஒரு கருவி புழக்கத்தில் இருந்தது. ஒரு முனை அடைத்த சின்னக் குழாய். அதற்குள் இறுக்கமாகப் போய்வரும் ஒரு தண்டு. தண்டின் நுனியில் எளிதில் பற்றும் பஞ்சு போன்ற பொருளை வைத்து, ஓங்கி ஒரே தட்டுத் தட்டி உடனே வெளியே இழுத்தால் பஞ்சில் கனல் இருக்கும். தீக்குச்சியும் இல்லை, பொறியும் இல்லை. காற்றைச் சட்டென்று நெருக்கினால் அது சூடேறும் என்பதை நம் பக்கத்து மக்கள் கையால் அறிந்து வைத்திருந்தார்கள். டீசல் எஞ்சின் ஓடுவதும் இதே தத்துவத்தில்தான். அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

பெட்ரோல் எஞ்சினில் அமுக்குவதற்கு வேறொரு காரணம் உண்டு. எத்தனை மடங்கு நெருக்குகிறோமோ, நெருப்பு பற்றிய பிறகு அத்தனை மடங்கு அந்தச் சூடான வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளும். அதிகம் விரிந்தால் அதிக வெப்பம் வேலையாக மாறும். குறைவாக விரிந்தால் வெப்பம் புகைக்குழாய் வழியே வீணாகப் போகும். ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஓட்டோ 1876இல் நான்கு வீச்சு எஞ்சினை ஓடவிட்டபோது அதன் அமுக்கம் சுமார் இரண்டரை மடங்குதான். அதிலிருந்து இன்றுவரை பொறியாளர்கள் அந்த எண்ணை ஏற்றுவதற்குப் பாடுபட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஏட்டுக் கணக்குப்படி, எந்த இழப்பும் இல்லாத எஞ்சினில் 8.8 விகிதம் வைத்தால் எரிபொருளின் வெப்பத்தில் 58 விழுக்காடு வேலையாகும். 10 வைத்தால் 60. 12 வைத்தால் 63. உண்மையான எஞ்சினில் இதில் பாதி கிடைத்தாலே பெரிது. இந்த எண்களைக் கவனமாகப் பாருங்கள்: 10இலிருந்து 12க்குப் போவதற்குப் படாத பாடு பட்டாலும் கூடுவது மூன்றே மூன்று. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அதிகமாக அமுக்கினால் என்ன கெடுதல்? அமுக்க அமுக்கச் சூடேறும் என்று பார்த்தோம் அல்லவா, அந்தச் சூடுதான் சிக்கல். நம் ஊர் மதிய வெயிலில் 32 டிகிரிக் காற்றை 8.8 மடங்கு நெருக்கினால், ஏட்டுக் கணக்கில் சுமார் 455 டிகிரிக்குப் போகும். அண்ணன் கேட்டபடி சீவினால் வரப்போகும் 11.65 மடங்கு நெருக்கினால் 540 டிகிரி. ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் நெருப்பு, காகிதத்தின் ஒரு மூலையில் பற்றி மறு மூலைக்கு நகர்வதுபோல, வரிசையாகப் பரவ வேண்டும். ஆனால் நெருப்பு இன்னும் போய்ச் சேராத கடைசி ஓரத்தில் இருக்கும் கலவை இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறது. பிஸ்டன் ஏற்கெனவே நெருக்கிவிட்டது. எரிந்து விரிந்த வாயுவும் இந்தப் பக்கத்திலிருந்து நெருக்குகிறது. சூடு தாங்காமல் அந்த ஓரம் தானாகவே மொத்தமாக வெடித்துவிடும். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டரின் சுவரில் மோதி ‘கிண் கிண்’ என்று உலோகச் சத்தம் போடும். பட்டறையில் இதை நாக்கிங் என்பார்கள்.

சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும். எரியும் வாயுவோ 2,000 டிகிரிக்கும் மேல். பிறகு எப்படிப் பிஸ்டன் பிழைக்கிறது? அதன் மேற்பரப்பை ஒட்டி அசையாமல் கிடக்கும் மெல்லிய வாயுப் படலம் ஒன்று வெப்பத்தைத் தடுத்துக் காக்கிறது. நாக்கிங் அலை அந்தப் படலத்தைக் கிழித்துவிடும். நாள்பட விட்டால் பிஸ்டனின் ஓரம் அரிக்கும். முற்றினால் நடுவில் ஓட்டையே விழும். அப்படி ஓட்டை விழுந்த பிஸ்டனைப் பட்டறையில் பார்க்க நேர்ந்தால் கையில் வாங்கிப் பாருங்கள். ஓரமெல்லாம் உருகி உறைந்து, விளிம்பு மழுங்கி, சொரசொரவென்று இருக்கும்.

நாக்கிங் வருமா வராதா என்பதில் பெட்ரோலுக்கும் பங்கு உண்டு. எண்ணெய் நிலையத்தில் மஞ்சள் கைப்பிடி ரோன் 95, பச்சைக் கைப்பிடி ரோன் 97. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியுமா? ஐசோ ஆக்டேன் என்ற திரவம் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும். அதற்கு 100 மதிப்பெண். ஹெப்டேன் என்ற திரவம் தாங்கவே தாங்காது, அதற்கு 0. இரண்டையும் 95க்கு 5 என்ற அளவில் கலந்தால் அந்தக் கலவை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்கும் பெட்ரோலுக்கு ரோன் 95 என்று பெயர். சோதித்துப் பார்க்க ஒரே ஒரு சிலிண்டர் கொண்ட தனி எஞ்சின் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சிலிண்டரை ஏற்றி இறக்கி அமுக்க விகிதத்தை மாற்றலாம். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடவிட்டு, அமுக்கத்தை ஏற்றி, பெட்ரோல் எப்போது தட்ட ஆரம்பிக்கிறது என்று அளப்பார்கள். ஆக, பெட்ரோலின் எண்ணும் எஞ்சினின் அமுக்க விகிதமும் ஒரே சோதனையில் பிறந்த உறவுகள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரோன் 97இல் ‘சக்தி அதிகம்’ என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண் சொல்வது தாங்கும் திறனை மட்டுமே. 8.8 விகித எஞ்சின் 95இல் தட்டவில்லை என்றால் 97 ஊற்றுவதால் அதற்கு ஒன்றும் கூடாது. நம் நாட்டில் 2009இல் ரோன் 92 போய் ரோன் 95 வந்தது. பழைய இஎக்ஸ்5 அதற்கும் முன்பே பிறந்த வண்டி. அதற்கு 95 என்பதே தாராளம்.

தாங்கும் திறனைக் கூட்டுவதற்கு ஒரு காலத்தில் உலகம் மிகத் தவறான வழியில் போனது. 1921 டிசம்பரில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் கலந்த ஒரு சேர்மத்தைச் சிறிதளவு பெட்ரோலில் விட்டால் நாக்கிங் நின்றுவிடுகிறது என்று கண்டார். எஞ்சின்களின் அமுக்கம் ஏறியது, வேகம் ஏறியது. கூடவே புகைக்குழாய்களிலிருந்து ஈயமும் காற்றில் ஏறியது. ஈயம் நஞ்சு, வளரும் குழந்தைகளின் மூளையை அது கெடுக்கும். சாலையோரத்தில் வாழ்ந்த பிள்ளைகள் பல பத்தாண்டுகள் அந்தக் காற்றைச் சுவாசித்தார்கள். கடைசியாக அல்ஜீரியா 2021இல் ஈயப் பெட்ரோலை நிறுத்தியபோதுதான் உலகச் சாலைகளில் கார்களும் மோட்டார்களும் அதிலிருந்து விடுபட்டன. கொஞ்சம் கூடுதல் அமுக்கத்துக்காக இவ்வளவு பெரிய விலை கொடுத்திருக்க வேண்டியதில்லை என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

சரி, பட்டறைக்கு வருவோம். அண்ணன் 50 மில்லிமீட்டர் பிஸ்டனை எடுத்துவிட்டு 53 போட நினைக்கிறார். ஏறி இறங்கும் தூரம் அதே 49.5. கன அளவு இப்போது 109.2 சிசி. ஹெட் பழையதே, புதுப் பிஸ்டனின் தலையும் பழையதுபோலத்தான் என்று வைத்துக்கொள்வோம். குழி அதே 12.5 சிசியை ஒட்டியே இருக்கும். அமுக்க விகிதம் என்ன? 109.2ஐயும் 12.5ஐயும் கூட்டி 12.5ஆல் வகுத்தால் 9.7க்கும் 9.8க்கும் இடையில் வரும். ஹெட்டைத் தொடவே இல்லை! பிஸ்டனைப் பெரிதாக்கியதிலேயே 8.8 தானாக 9.7 தாண்டிவிட்டது. இதைக் கணக்கில் எடுக்காமல் ஹெட்டையும் சேர்த்துச் சீவுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அரை மில்லிமீட்டர் சீவினால்? 53 மில்லி வட்டத்தில் அரை மில்லி உயரம் என்பது 1.1 சிசி. குழி 11.4க்கு இறங்கும், விகிதம் 10.6 ஆகும். அண்ணன் கேட்ட ஒரு மில்லி சீவினால் 11.6ஐயும் தாண்டும். ஒரே ஒரு மில்லி உலோகம் எடுபட்டதற்கு இவ்வளவு ஏற்றம். சின்ன எஞ்சினில் குழி சின்னது என்பதால் ஒவ்வொரு சிசியும் பெரிய மாற்றம் செய்யும்.

அதனால் நல்ல மெக்கானிக் ஊகிக்க மாட்டார், அளப்பார். அளப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். ஹெட்டைத் துடைத்து, கரியைச் சுரண்டி, ஸ்பார்க் பிளக்கை மாட்டி, குழி மேலே பார்க்கும்படி கவிழ்த்து வைப்பார். வால்வுகள் மூடியிருக்கும், கசியாமல் இருக்க அவற்றின் ஓரத்தில் கிரீஸ். குழியின் வாயைச் சுற்றியும் மெல்லியதாகக் கிரீஸ் தடவி, அதன்மேல் ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் தகட்டை அழுத்துவார். தகட்டில் ஒரு சிறு துளை. மருந்தகத்தில் வாங்கிய ஊசிக்குழலில் 20 சிசி மண்ணெண்ணெய் எடுத்து அந்தத் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவார். உள்ளே காற்றுக்குமிழி ஒன்று அங்குமிங்கும் ஓடும். ஹெட்டைச் சற்றே சாய்த்து அதைத் துளைக்கு அடியில் கொண்டுவந்து, கடைசிச் சொட்டில் வெளியேற்றுவார். ஊசிக்குழலில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக் கழித்தால் ஹெட்டின் குழி எத்தனை சிசி என்று தெரிந்துவிடும். கசியாமல் இருக்க இடையில் வைக்கும் கேஸ்கெட்டின் கனம், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடைவெளி இரண்டையும் தனியாக அளந்து கூட்டிக்கொள்வார். இதற்குச் செலவென்று பெரிதாக ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும்.

அளந்தாயிற்று. எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது? முதலில் தொழிற்சாலை என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். ஹோண்டா பின்னாளில் இஎக்ஸ்5 வண்டியையே 109 சிசியாக்கி, கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருள் ஊசி வைத்து விற்றது. காற்றால் குளிரும் எஞ்சின்தான். அதற்கு அவர்கள் வைத்த விகிதம் 9.3. இன்னொரு பக்கம் யமஹா எல்சி135: 134 சிசி, விகிதம் 10.9. ஒன்றுக்கு 9.3, இன்னொன்றுக்கு 10.9 ஏன்? எல்சியில் ரேடியேட்டர் உண்டு. நீர் சுற்றி ஓடி ஹெட்டின் சூட்டை எடுத்துப் போகிறது. இஎக்ஸ்5 எஞ்சினுக்கு எதிரே வந்து மோதும் காற்று மட்டுமே துணை. கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஓடும்போது காற்று தாராளமாகக் கிடைக்கும். பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் நெரிசலில் மாட்டிக்கொண்டால்? தீபாவளிக்கு முன்வாரம் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால்? காற்று ஏது? ஹெட் கொதிக்கும். அமுக்க விகிதத்தை வண்டி பறக்கும் நேரத்துக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இந்த நெரிசலுக்கும், பின்னால் ஒருவரை ஏற்றி மேட்டில் ஏறும் நேரத்துக்கும் தாங்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் ஊர்க் காற்றில் ஒரு நன்மையும் உண்டு. அதில் உள்ள ஈரம், எரிவதன் வேகத்தைக் கொஞ்சம் தணித்து நாக்கிங்கைக் குறைக்கும். கெந்திங் மலைக்கு ஏறினால் காற்று மெலிவதால் சிலிண்டருக்குள் நிறைவதும் குறையும், நாக்கிங்கும் குறையும். ஆனால் வண்டி ஓடுவது பெரும்பாலும் கடல் மட்டத்தை ஒட்டிய கிள்ளான் பள்ளத்தாக்கில்தானே.

“அண்ணே, பந்தய மோட்டாரெல்லாம் இதைவிட அதிகம் வைக்கிறாங்களே?” என்று அண்ணன் கேட்பார். 1994 முதல் நடக்கும் கப் பிரிக்ஸ் பந்தயத்தைப் பார்த்து வளர்ந்தவர் அல்லவா. பந்தய எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் வேறு. உள்ளிழுக்கும் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் ஏற ஆரம்பித்த பிறகும் கொஞ்சம் கலவை திரும்பி ஓடிவிடும். அதனால் தாளில் பெரிய விகிதம் எழுதியிருந்தாலும், குறைந்த வேகத்தில் உள்ளே உண்மையில் நடக்கும் அமுக்கம் அவ்வளவு இராது. பந்தயம் முடிந்ததும் அதைப் பிரித்துப் பார்க்க ஆள் இருக்கிறது. வேலைக்கும் பள்ளிக்கும் ஓடும் வண்டிக்கு அந்த வசதி இல்லை. அந்த எண்ணை மட்டும் தனியாகக் கடன் வாங்கக் கூடாது.

என் கருத்து இது: 53 மில்லி பிஸ்டன், கார்புரேட்டர், காற்றுக் குளிர்ச்சி, ரோன் 95 என்றால் ஹெட்டைச் சீவவே வேண்டாம். 97 சிசி 109 ஆனதிலேயே எஞ்சின் 12 விழுக்காடு அதிகக் கலவையை உள்ளிழுக்கிறது; மேட்டில் தெரியும் வலு அங்கிருந்துதான் வரும். விகிதத்தை 9.7இலிருந்து 11.6க்கு ஏற்றினால், ஏட்டுக் கணக்கில்கூட எரிபொருளின் வெப்பத்தில் மூன்று விழுக்காட்டுக்கு உள்ளேதான் கூடுதலாக வேலையாகும். அதற்காகச் சீவுகூலி கொடுத்து, பிறகு ஒவ்வொரு முறையும் பச்சைக் கைப்பிடிக்குப் போவது கட்டுப்படியாகாது. ரோன் 95க்கு அரசு மானியம் தருகிறது. 2025 செப்டம்பரில் தொடங்கிய பூடி95 திட்டத்தில் குடிமக்களுக்கு லிட்டர் 1.99 ரிங்கிட் என்று விலை வைத்தார்கள். ரோன் 97க்கு அந்தச் சலுகை கிடையாது.

நெரிசலிலேயே அதிகம் ஓடும் வண்டி என்றால் 9.7கூட வேண்டாம் என்பேன். சிலிண்டர் பிளாக்குக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டை 0.3 மில்லி கனமாகப் போட்டால் குழி 0.66 சிசி கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், விகிதம் 9.3க்கு வந்து நிற்கும். ஹோண்டா தன் 109 சிசி வண்டிக்கு வைத்த அதே எண்!

இன்னும் இரண்டு விஷயம். வண்டியின் சிசி பதிவில் எழுதப்பட்டிருப்பதால் அதை மாற்ற நினைப்பவர் முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். உங்களுக்கு 16 வயதாகி உரிமம் எடுக்கும்வரை சாவியைத் தொடாதீர்கள். அளக்கவும் கணக்குப் போடவும் வயது தடையில்லை.

கட்டி முடித்த பிறகு அண்ணனுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி, காது கொடுப்பது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மேட்டில் நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது திராட்டலைக் கூட்டினால் ‘கிண் கிண்’ சத்தம் வருகிறதா? வந்தால் உடனே திராட்டலைக் குறைக்கச் சொல்லுங்கள், பட்டறைக்குத் திரும்பச் சொல்லுங்கள். கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பளபளக்கும் சிறு அலுமினியத் துகள்கள் ஒட்டியிருந்தால், பிஸ்டன் உருக ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

இனி உங்கள் முறை. யமஹா ஒய்15 வண்டியின் சிலிண்டர் விட்டம் 57 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 58.7 மில்லிமீட்டர், அமுக்க விகிதம் 10.4. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் குழி எத்தனை சிசி? போட்டு முடித்த பிறகு அடுத்த வரியைப் பாருங்கள்.

விடை: சுமார் 15.9 சிசி.